ஹாங்கிடாங்க் மேனா, பவுண்ட் ஃபார் குளோரியா?

இரண்டு படங்களுமே 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் அமெரிக்கப் பாடகனின் கதை. ஹால் ஆஷ்பி இயக்கிய ‘பவுண்ட் ஃபார் குளோரி’யில் (1976) வுடி கத்ரி மனைவி மக்களை விட்டுவிட்டு டெக்சாஸ் புழுதியிலிருந்து கலிபோர்னியா போகிறார். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது, தகும்.

ஆனாலும் என் மனம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘ஹாங்கிடாங்க் மேன்’ (1982) பக்கம்தான். இதில் பாடகன் ரெட்டோடு (ஈஸ்ட்வுட்டே நடித்த பாத்திரம்) குடும்பமும் காரில் ஏறிக்கொள்கிறது: தாத்தா, அப்புறம் சகோதரியின் மகன். அந்தப் பையனாக நடித்தது ஈஸ்ட்வுட்டின் சொந்த மகன் கைல். ஒலிப்பதிவுக் காட்சியைப் பாருங்கள். காசநோய் முற்றிய ரெட் பாடப் பாட இருமல் குரலை அடைக்கிறது. பக்கத்துக் கிட்டார்காரர் விட்ட வரியை எடுத்துப் பாடுகிறார். அவர் நிஜப் பாடகர் மார்ட்டி ராபின்ஸ். படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். இதையே முதலில் பாருங்கள்.