அஞ்சு பேரும் ஒரு பேரும்: அனகி அடுப்போடு மூன்று வருடம்

என் தங்கை பண்டாரவளையில் வீடு கட்டுகிறாள். வேலை குசினி வரைக்கும் வந்ததும் போன் எடுத்து, "அக்கா, அந்த அனகி அடுப்ப வாங்கலாமா வேணாமா, ஒரே சொல்லுல சொல்லு" என்றாள். வாங்கு என்றேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் அந்த மண் விறகடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து ஊதியவள் நான். வாங்கு என்பது சரிதான். ஆனால் கடையில் சொல்கிற காரணத்துக்காக வாங்கினால் ஏமாந்துபோவாள். அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். மாமியார் கொழுந்து பறித்தே முதுகு வளைந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டு பேர். 2022 ஜூலையில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,910 ரூபாவுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின வருடக் கடைசியில்தான் நாட்டில் அங்கங்கே கேஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்து, நாங்கள் சிலிண்டரைப் பார்த்தாலே தள்ளி நின்றோம். பிறகு பார்ப்பதற்கே சிலிண்டர் இல்லை. வந்தபோது அந்த விலை.

அத்தை எதையும் ரூபாவில் கணக்குப் பார்க்க மாட்டார், பேரில்தான் பார்ப்பார். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்குப் போடுகிற சம்பளம். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபா. "அஞ்சு பேரு அடுப்புக்கே போயிட்டா, அரிசிக்கு யாரு பேரு போடுறது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த சனிக்கிழமையே ஹட்டனுக்குப் போய் ஒரு சட்டிபானைக் கடையில் இந்த அடுப்பை வாங்கினேன். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) 1,100 சொன்னார், 1,000க்கு விட்டார். சரியாக ஒரு பேர். "கேஸ் மாதிரியே டீச்சர், பொகையே வராது" என்று வேறு சொன்னார். பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். பஸ்ஸில் நோர்வூட் வரைக்கும் நின்றுகொண்டு, பிறகு உட்கார இடம் கிடைத்ததும் மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் பிள்ளையை அணைக்கிற மாதிரி அதை அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பேப்பரைப் பிரித்ததும் அத்தை சிரித்துவிட்டார். "இது கொடியடுப்புதானே! எங்க அம்மாயி மண்ணுல பிடிச்சு வச்சிருந்தாங்க. இதுக்கா ஹட்டனுக்குப் போன?" அவர் சொன்னது பாதி சரி. முன்னால் விறகு வைக்கிற வாய். அதற்கு நேர் மேலே பெரிய அடுப்பு. பின்னால் இன்னொரு பானை வைக்க இரண்டாவது அடுப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ளே ஒரு வழி. முன்பானையின் அடியைத் தொட்ட நெருப்பு வெளியே ஓடிப்போகாமல் அந்த வழியாகப் பின்பானைக்குப் போகிறது. எல்லாம் ஒரே துண்டாகச் சுட்ட மண். கொடியடுப்பும் இதே யோசனைதான். ஆனால் இதில் வாயின் அகலம், உள்வழியின் உயரம், பானை உட்காருகிற குமிழ் எல்லாம் அளந்து செய்தவை. 1980களில் விறகை மிச்சம் பிடிக்கவென்றே இந்த நாட்டில் உருவாக்கிய அடுப்பு இது. ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கான அளவு என்பார்கள். அனகி என்றால் சிங்களத்தில் விலைமதிக்க முடியாதது என்று அர்த்தம். அத்தைக்கு அது ஒரு பேருக்கு வந்த கொடியடுப்பு, அவ்வளவுதான்.

முதல் தப்பு என்னுடையது. முதல் நாள் சின்ன நெருப்பாகப் போட்டு அடுப்பைச் சூடு பழக்க வேண்டும் என்று நானா சொல்லித்தான் அனுப்பினார். பசி அவசரத்தில் வாய் நிறைய விறகைத் திணித்துச் சோற்றுப் பானையை ஏற்றினேன். அரை மணித்தியாலத்தில் டக் என்று ஒரு சத்தம். வாயின் வலது மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கறையான் புற்று மண்ணும் சாணியும் சாம்பலும் குழைத்து, அடுப்பைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு மொத்தமாகப் பூசி, திண்ணை மாதிரி ஆக்கிவிட்டார். நான் வெடிப்பை மறைக்கத்தான் பூசுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பூசாத அனகி பாதி அடுப்புதான். வெறும் சுட்டமண் சூட்டை வெளியே விட்டுவிடும், தட்டுப்பட்டால் உடையும். பூச்சு சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். அந்த வெடித்த அடுப்பு அந்தப் பூச்சின் தயவில் இரண்டு வருடம் உழைத்தது.

இனி விறகுக் கணக்கு. எங்களுக்கு விறகு என்றால் பெரும்பாலும் கவ்வாத்து மிலாறுதான், அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழுகிற குச்சிகள். மலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கட்டிக்கொண்டு வருவோம். உயிர் மரத்தில் கை வைப்பதில்லை, அது அத்தையின் சட்டம். மூன்று கல் அடுப்பில் ஒரு கட்டு மிலாறு மூன்று நாளைக்கு வரும். அனகியில் முதல் வாரமும் அதே மூன்று நாள்தான் வந்தது. எனக்கு ஆத்திரம். ஆயிரம் ரூபாவைக் கொண்டுபோய்க் கொட்டினோமே என்று.

குறை அடுப்பில் இல்லை. மூன்று கல் அடுப்பில் எரித்த பழக்கத்திலேயே நான் இதிலும் எரித்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அரிசி களைவது, பருப்பு தேடுவது, வெங்காயம் உரிப்பது, அதுவரைக்கும் நெருப்பு சும்மா எரியும். இப்போது எல்லாம் அரிந்து, களைந்து, இரண்டு பானையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் நெருப்புக்குச்சி உரசுவேன். முன்னால் சோறு, பின்னால் தண்ணீர். சோறு கொதி வந்ததும் அதைப் பின்னுக்கு மாற்றி, முன்னால் பருப்பு. கடைசியில் கீரையோ கத்தரிக்காயோ. விறகும் பெருவிரல் கனத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நேரத்தில் மூன்று நாலு குச்சிதான். இப்படிப் பழகிய பிறகு அதே கட்டு ஐந்து நாள் வருகிறது. மழை நாளில் நாலு.

மழை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. எங்கள் பக்கம் மே, ஜூனில் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் விடாது. ஈர விறகை வைத்தால் எந்த அடுப்பும் தோற்கும், அனகி இன்னும் சீக்கிரம் தோற்கும், ஏனென்றால் வாய் சின்னது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, ஒரு கிழமைக்குத் தேவையான மிலாறை அங்கே அடுக்குவோம். இன்றைய நெருப்பு அடுத்த கிழமை விறகைக் காயவைக்கும். பற்றவைப்பதற்கு முன்பெல்லாம் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளிப்போம். 2022 ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனதோடு அந்தப் பழக்கம் போய்விட்டது. யூகலிப்டஸ் மரத்திலிருந்து சுருண்டு விழுகிற காய்ந்த பட்டை போதும், சரசரவென்று பிடிக்கும். காசும் இல்லை, சோற்றில் மண்ணெண்ணெய் வாடையும் இல்லை.

எனக்கு இந்த அடுப்பில் மிகவும் பிடித்தது அந்தப் பின்அடுப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீரைச் சுடவைக்காமலே குடித்த காலம் எங்கள் வீட்டில் உண்டு. சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து மருந்துக்குக் கொடுத்த காசில் எத்தனை கேத்தல் தண்ணீர் கொதித்திருக்கும்! இப்போது குடிதண்ணீருக்கென்று தனியாக விறகு வைப்பதே இல்லை. பின்னால் பாதிச் சூடாகும், கடைசியில் முன்னால் இழுத்தால் இரண்டு நிமிடத்தில் தளதளவென்று கொதிக்கும். காலையில் பிள்ளைகள் முகம் கழுவச் சுடுதண்ணீரும் அப்படித்தான்.

அப்புறம் பயறு வகை. கேஸ் காலத்தில் கடலை, கௌபி (காராமணி) எல்லாம் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு மட்டும்தான். ஊறவைத்தாலும் வேக நேரம் எடுக்கும், கேஸ் போய்விடும். காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி, தொட்டுக்கொள்ள சம்பல். இப்போது காலையிலேயே கௌபியை ஊறப்போட்டுவிட்டு, இரவுச் சமையல் முடிந்ததும் அந்தத் தணலில் மூடி வைத்துவிடுவேன். நாங்கள் சாப்பிட்டு, மகன் பாடம் எழுதி முடிக்கும்போது வெந்திருக்கும். தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்தால் சின்னவள் கோப்பையை நக்கிவிடுவாள். கிழமைக்கு மூன்று நாள் இப்படி. கோதுமை மா செலவு குறைந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் அதே ரொட்டிதான் இந்த அடுப்பின் தோல்வி. தேங்காய்ப்பூ போட்டுத் தடிப்பாகத் தட்டுகிற நம்ம ஊர் ரொட்டிக்குச் சூடு கல் முழுக்கச் சமமாகப் பரவ வேண்டும். அனகியில் நெருப்பு நடுவில் குவியும். நடு கருகும், ஓரம் பச்சையாக இருக்கும். ரொட்டியை ஓயாமல் வட்டம் சுற்ற வேண்டும், கல்லையும் இடையிடையே நகர்த்த வேண்டும். அகலமான கல்லை வைத்தால் அடுப்பையே மூடி, நெருப்பு வாய்வழியாகத் திரும்பி வந்து கையைச் சுடும். என் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. நான் கடைசியில் சின்னக் கல் ஒன்று வாங்கினேன். அத்தை இன்றைக்கும் ரொட்டிக்கு வெளியே மூன்று கல்லை வைத்துக்கொள்கிறார். நான் வாதாடுவதில்லை, ரொட்டி அவர் கையில்தான் ருசி.

இனி புகை. "பொகையே வராது" என்ற பேச்சை நம்பாதீர்கள். அனகிக்குப் புகைக்குழாய் கிடையாது. விறகு குறைவாக எரிவதால் புகையும் குறைவு, மூன்று கல்லோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் வருகிற புகை முழுக்கக் குசினிக்குள்ளேதான். சின்னவளுக்குக் கொஞ்சம் இழுப்பு இருக்கிறது. கிளினிக்குக்குப் போனபோது மிட்வைஃப் மிஸ், "அடுப்ப மாத்தினது நல்லது, பிள்ளைய அடுப்படியில உட்கார வைக்காதீங்க" என்று கறாராகச் சொன்னார். குளிருக்கு அடுப்படியில் ஒண்டுவதுதான் எங்கள் பிள்ளைகளின் பழக்கம், அதை மாற்ற ஒரு வருடம் பிடித்தது. லயத்தில் இன்னொரு சிக்கல், சுவர் கூரைக்கு முட்டாது. என் வீட்டுப் புகை பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போகும், அவர் வீட்டுப் புகை எனக்கும் வரும். கணவர் ஒரு லீவில் வந்து, அடுப்புக்கு நேர் மேலே கூரைத் தகரம் ஒன்றை ஒரு சாண் தூக்கி, கீழே கட்டை கொடுத்து நிறுத்தினார். புகை அதன் வழியாகப் போகிறது. காற்று திசைமாறினால் மழையும் அதன் வழியாக வருகிறது.

தங்கச்சி, உன் வீட்டில் இன்னும் கூரை போடவில்லை. அடுப்பு வைக்கிற இடத்துக்கு மேலே புகைபோக்கிக்கு இப்போதே மேசனிடம் இடம் விடச் சொல். பிறகு உடைத்துச் செய்ய ஆகும் காசுக்குப் பத்து அடுப்பு வாங்கலாம்.

கேஸை நாங்கள் ஒரேயடியாக விடவில்லை. விடிகாலைத் தேத்தண்ணீருக்கும் யாராவது திடீரென்று வந்தாலும் கேஸ்தான். விலை பிறகு இறங்கிவிட்டது, ஆனாலும் இரண்டு மாதம் வந்த சிலிண்டர் இப்போது ஐந்து மாதம் வருகிறது. அத்தைக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஆறாவது மாதத்துக்கு இழுக்கப் பார்க்கிறார்.

விறகு பிளக்கிற வேலை மகனுடையது. ஆரம்பத்தில் அவன், "இது பொம்பளைங்க வேலைதானே அம்மா" என்று ஒரு வார்த்தை விட்டான். அத்தை அரிவாளைக் கழுவி அவன் கையில் கொடுத்து, "நான் தலையில சுமந்தேன், நீ உட்கார்ந்து பிளக்க மாட்டியா?" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருவிரல் கனத்துக்கு அளவு பார்த்துப் பிளந்து, பரணில் அடுக்கிவிட்டுத்தான் கிரிக்கெட்டுக்குப் போகிறான். சில நாள் கனமான கட்டையைக் கட்டுக்கு நடுவில் ஒளித்து வைப்பான், அதுவும் நடக்கும்.

முதல் அடுப்பு 2024இல் உள்வழிப் பக்கம் இடிந்தது. இரண்டாவதையும் அதே நானாவிடம்தான் வாங்கினேன். "பொகை வருதே நானா" என்றேன். "வரத்தானே செய்யும் டீச்சர், நெருப்புதானே" என்று சிரித்தார். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வர வேண்டும், சொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கும், வேண்டாம். முன்அடுப்பிலும் பின்அடுப்பிலும் உங்கள் வீட்டுச் சட்டியை வைத்துப் பார்க்க முடிந்தால் நல்லது. நான் இரண்டாவது தடவை சோற்றுப் பானையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், கடையில் எல்லோரும் பார்த்தார்கள், பரவாயில்லை. பேப்பரை நம்பாமல் ஒரு சாக்கும் பழைய போர்வையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பஸ்ஸில் பின்சீட் வேண்டாம்.