சகி மையம்: தோழிக்குத் துணையாகப் போன அனுபவம்

பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்த பிறகுதான், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்துக்கு நானும் தோழியும் போனோம். அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த ஆலோசகர், புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே நிதானமாக முடிவு பண்ணும்மா என்றார், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சிகிச்சைக்கு ஏற்பாடு, சட்ட உதவி, 5 நாள் வரை தங்க இடம், எதற்கும் காசு இல்லை. அப்புறம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் இலவச முதல் சிகிச்சை தந்தே ஆக வேண்டும், மறுத்தால் குற்றம்.

ஒரு ஆதங்கம். 2015-இல் தொடங்கிய இத்திட்டம் பெண்களுக்கானது. திருநங்கைகளுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தில் அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு அதிகபட்சமே 2 ஆண்டு சிறைதான், இது அநியாயம். காது கேளாத பெண்கள் வந்தால் பேச, சைகை மொழி தெரிந்தவரும் ஒவ்வொரு மையத்திலும் வேண்டும்.