வலைப்பந்து நாவலும் ஒரு கொட்டாஞ்சேனை அச்சகமும்

மூன்று ஆண்டுகளாக எழுதிய என் முதல் நாவலை எந்தப் பதிப்பகத்தின் வாசலிலும் காத்திருக்காமல் நானே வெளியிடுவதென்று முடிவுசெய்தபோது, கொழும்பிலுள்ள சில அச்சகங்கள் ‘முழுப் பொறுப்பு’ என்று சொல்லி வழங்கும் சேவையைப் பற்றி நண்பர்கள் கூறினார்கள். எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பக்க வடிவமைப்பு, சரவை (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி), அட்டைப்படம், நூலை அடையாளப்படுத்தும் ஐ.எஸ்.பி.என். இலக்கம், அச்சு, நூற்கட்டு, வெளியீட்டு விழாவுக்கான அழைப்பிதழ் ஆகிய எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. கொட்டாஞ்சேனையில் இயங்கும் அப்படியோர் அச்சகத்தில் 300 பிரதிகளுக்கு அரைவாசிப் பணத்தை முன்பணமாகக் கட்டினேன். இதே முறையில் வேலை செய்யும் இடங்கள் வேறும் உள்ளன. ஆதலால் அச்சகத்தின் பெயரைவிட அதன் வேலைமுறையே இதை வாசிப்பவருக்குப் பயன்படும் என எண்ணிப் பெயரைத் தவிர்க்கிறேன்.

அச்சு வேலையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 176 பக்கங்கள், அதாவது பதினாறு பக்கப் பாரங்கள் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிகள்) பதினொன்று. எந்தப் பக்கத்திலும் மை திட்டாகவோ மங்கலாகவோ விழவில்லை. நூலை நடுவில் அகல விரித்து மேசையில் அழுத்தினாலும் தாள் கழன்று வரவில்லை. 2022ஆம் ஆண்டுத் தாள் தட்டுப்பாட்டில் நாளிதழ்களே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியதையும் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போனதையும் நினைவில் வைத்திருப்பதாலோ என்னவோ, அச்சக உரிமையாளர் தாளின் தரம் பற்றி அரை மணிநேரம் பேசி, மாதிரிகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, மலிவானதை வேண்டாமென்று மறுத்தார். அட்டையின் வெளிப்புறத்தை மட்டும் லெமினேற் செய்ததால், கடற்காற்றின் ஈரத்தை உட்புறம் உறிஞ்சி, வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டில் இரண்டாம் நாளே அட்டைகள் வெளிநோக்கிச் சுருளத் தொடங்கின. மேலே கனமான எதையாவது வைத்தால் அடங்கிவிடுகின்றன என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சிக்கல் எழுத்தில்தான் வந்தது. அதை விளக்க, நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கதை பாடசாலை வலைப்பந்தாட்டத்தைப் பற்றியது. “கிரிக்கெட் எண்டா நல்லாப் போயிருக்கும், மிஸ்,” என்று அச்சக உரிமையாளர் முதல் நாளே சொன்னார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசிய சம்பியனானபோது வளையத்தின் கீழ் நின்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் என்பதை நான் அவருக்கு நினைவூட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை எழுதினார். வலைப்பந்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் தத்தம் இடத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் பொறித்த பிப் என்னும் மேலணியை அணிந்திருப்பார்கள். மைதானத்தின் எந்தப் பகுதிக்குள் யார் கால்வைக்கலாம் என்பதை அந்த எழுத்துகளே தீர்மானிக்கின்றன. 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்தினுள் பந்தை இடும் உரிமை கோல் ஷூட்டருக்கும் கோல் அட்டாக்குக்கும் மட்டுமே உண்டு. என் கதையின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது கால்மணி ஆட்டம் முடிந்த இடைவேளையில், ஆண்டுக்கணக்காக ஒருத்திக்கு ஒருத்தி பந்து கொடுத்துப் பழகிய இரண்டு மாணவிகளின் பிப்புகளைப் பயிற்றுநர் மாற்றிவிடுகிறார். அந்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது யாருடைய முடிவு, யாருக்கு அவமானம் என்பதே மீதி நாவல்.

சரவையாக எனக்கு வட்ஸ்அப்பில் வந்த கோப்பில் எல்லாம் சரியாகவே இருந்தன. கைபேசியில் இரண்டு இரவுகள் விழித்திருந்து படித்து, திருத்தங்களை அனுப்பி, அச்சிடச் சம்மதமும் கொடுத்தேன். நான் படித்தது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி இடமுள்ள யுனிகோட் முறையில் இருந்த பிரதி என்பதும், சம்மதம் கிடைத்த பிறகே அதைப் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டுவார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பேஜ்மேக்கர் தமிழ் யுனிகோட்டை ஏற்காது. பாமினியிலோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருக்கின்றன. மாற்றும் மென்பொருள் ஆங்கில எழுத்தை அப்படியே விட்டுவிடும். அதற்குப் பாமினியைப் பூசியவுடன் அது வேறொரு தமிழ் எழுத்தாகத் தோன்றும். ஆக, கோல் ஷூட்டரின் பிப்பிலிருந்த ஜி, எஸ் என்னும் இரண்டு எழுத்துகள் ‘புளு’ ஆயின; கோல் அட்டாக்கின் ஜி, ஏ ‘புயு’ ஆயின. நாவலின் உச்சக்கட்டத்தில் என் நாயகி “புளுவைக் கழற்றிப் புயுவை அணிந்துகொண்டாள்.”

கட்டுக்குப் போவதற்கு முன் அச்சான தாள்களைப் பார்க்கச் சென்றதால் இதைக் கண்டுபிடித்தேன். பக்கம் கட்டிய இளைஞர் உண்மையாகவே திகைத்துப்போனார். “புளு எண்டது அந்தப் பிள்ளையின்ர பட்டப்பெயர் எண்டெல்லோ நினைச்சன், மிஸ்,” என்றார். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. அவர் கதையைப் படித்திருக்கிறார், அதில் வரும் பிள்ளைக்குப் பட்டப்பெயர் இருக்கக்கூடும் என்று நம்பியும் இருக்கிறார். சரவை பார்ப்பதற்கென்று கட்டணப் பட்டியலில் தனியாகப் பணம் வாங்கியவர்கள் ஒரு பக்கத்தையும் திறந்து பார்த்ததற்கான அடையாளமே இல்லை. சரவைக்கான அந்தப் பணத்தை நான் திருப்பிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

பிழை முழுவதும் 97 முதல் 128 வரையான பக்கங்களில், அதாவது ஏழாம் எட்டாம் பாரங்களில் இருந்தது. அவற்றை மட்டும் மீண்டும் அச்சிட இணங்கினார்கள், தாளுக்கான செலவை நான் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. விழாவுக்கு அழைப்பிதழ் கொடுத்து முடிந்திருந்ததால் பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில், ஒரு ஞாயிறு மாலை. நூல்கள் அன்று நண்பகல்தான் வீட்டுக்கு வந்தன, அதுவும் நூறு பிரதிகள் மட்டும். அவற்றில் பதினொரு பிரதிகளில் பழைய எட்டாம் பாரமே கட்டப்பட்டிருந்ததை மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து புரட்டிப் பார்த்தபோது கண்டேன். வரவேற்புரை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நானும் என் தங்கையும் கறுப்புப் பேனாவால் ‘புளு’க்களை வெட்டிக்கொண்டிருந்தோம். முதற்பிரதியைப் பெற்ற பெரியவரின் கைக்குப் போனது நல்ல பிரதிதானா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். விழா நன்றாகவே நடந்தது. நம்மூர் வழக்கப்படி நூலின் விலையைக் கேட்காமல் உறையில் பணம் வைத்துக் கொடுத்தவர்களால்தான் மேலதிகத் தாளின் செலவை ஈடுசெய்தேன்; மீதி இருநூறு பிரதிகள் ஒன்பது நாள் கழித்து வந்தன.

ஐ.எஸ்.பி.என். பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 978-624 என்று தொடங்கும் இலக்கம் கிடைத்தது; ஆனால் வெளியீட்டாளர் என்ற இடத்தில் அச்சகத்தின் பெயரைப் பதிந்துவிட்டார்கள். சொந்தமாக வெளியிடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பதிவேட்டில் இன்னொருவரின் நூலாக அது கிடப்பது எனக்கு நெருடலாக இருக்கிறது. கொழும்பு 7, சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் நூலாசிரியரே விண்ணப்பித்து இலக்கம் பெறலாம். இதை மட்டுமாவது அச்சகத்திடம் விடாமல் நீங்களே செய்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டாம் பதிப்பை அதே அச்சகத்துக்கே கொண்டுபோகப் போகிறேன், ஏனெனில் அந்தத் தாளையும் அந்த நூற்கட்டையும் கொழும்பில் வேறெவரும் அந்த விலைக்கு எனக்குத் தர ஒப்பவில்லை. ஆனால் ‘முழுப் பொறுப்பு’ வேண்டாம். பக்கங்களை நானே யுனிகோட்டில் கட்டி, எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்து, ஏழாம் எட்டாம் பாரங்களின் முதல் தாளை இயந்திரத்தருகில் நின்று படித்த பிறகே ஓட்டச் சொல்வேன். பக்கம் கட்டிய அந்த இளைஞருக்கு ஒரு பிரதி கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ‘புளு’ இருக்கும் பிரதியே வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.