கையால் எழுதும் லூப்பா, பைதான் தரும் ஃபங்ஷனா?

பைதான் நிரல்மொழியில் லிஸ்ட், அதாவது மதிப்புகளின் பட்டியல், பழகத் தொடங்குபவர் முன்னால் முதல் நாளே ஒரு வழக்கு வந்து நிற்கிறது. கூட்டுத்தொகை, பெரிய எண், சிறிய எண், வரிசைப்படுத்தல் எல்லாவற்றையும் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப் எழுதித் தானே கண்டுபிடிக்க வேண்டுமா, அல்லது சம், மேக்ஸ், மின், சார்ட்டட் என்று பைதானிலேயே தயாராக இருக்கும் ஃபங்ஷன்களை அழைத்துவிட்டுப் போகலாமா? வேலூரில் கணினி படிக்கும் பிள்ளைகளிடையே இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. ஒரு சிறிய லிஸ்டை வைத்தே பார்த்துவிடலாம். மே மாத வேலூர் வெயில் என்று பயிற்சிக்காக நான் போட்டுக்கொண்ட ஐந்து எண்கள்:

வெயில் = [39, 41, 42, 40, 38]

(மதிப்பைத் தாங்கும் மாறிக்கு இப்படித் தமிழ்ப் பெயர் வைத்தால் பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். பலர் முயன்று பார்ப்பதே இல்லை.)

கூட்டுத்தொகையில் போட்டியே கிடையாது. சம் 200 என்கிறது, உறுப்புகளை எண்ணும் லென் 5 என்கிறது, வகுத்தால் சராசரி 40. லூப் எழுதினாலும் இதே விடைதான். ஒரு முறை எழுதிப் பார்த்தால் போதும். ஆனால் கூட்டி வைக்கும் மாறிக்கும் சம் என்றே பெயர் வைத்துவிடக் கூடாது. அதன் பிறகு சம்மை அழைத்தால், எண்ணை ஃபங்ஷனாக அழைக்க முடியாது என்று பைதான் பிழை காட்டும்.

பெரிய எண்ணைத் தேடும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. கையால் எழுதுபவர்களில் பாதிப் பேர் ‘பெரியது = 0’ என்று தொடங்குவார்கள். நம் ஊர் வெயிலுக்கு விடை 42 என்று சரியாகவே வரும். எல்லா எண்களும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால்தான் தவறு தெரியும். வேலூரில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு லிஸ்ட் யாருக்குத் தோன்றும்? அதே பழக்கத்தில் ‘சிறியது = 0’ என்று எழுதிப் பாருங்கள். மே மாதத்தில் பூஜ்யம் டிகிரி என்று விடை வந்து நிற்கும். எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி அப்போதுதான் மனத்தில் பதியும். லிஸ்டின் முதல் உறுப்பிலிருந்து, அதாவது இடம் 0 இலிருந்து தொடங்க வேண்டும் (பைதான் இடங்களை 0 இலிருந்துதான் எண்ணும்). மேக்ஸையும் மின்னையும் மட்டும் அழைத்துப் பழகியவருக்கு இந்தக் கேள்வியே எழாது. காலி லிஸ்டைக் கொடுத்தாலோ நிலைமை தலைகீழ்: 0 இலிருந்து தொடங்கிய லூப் கூசாமல் 0 என்று சொல்லும், மேக்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். அங்கே மேக்ஸ்தான் நேர்மையானது.

தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் வழியாக வந்த எண்களை, முழு எண்ணாக்கும் இன்ட் கொண்டு மாற்றாமல் விட்டால் அவை எழுத்துச் சரங்களாகவே இருக்கும். சம் உடனே மறுத்துவிடும். மேக்ஸோ 9, 41 இரண்டில் 9 தான் பெரியது என்று சத்தமில்லாமல் தவறான விடை தரும். சரங்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுவதால் வரும் வினை இது.

வரிசைப்படுத்தலில் நான் பைதான் பக்கம். பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போகும் பப்பிள் சார்ட்டைக் கையால் எழுதினால் 10,000 உறுப்புகளுக்குச் சுமார் 5 கோடி ஒப்பீடுகள் ஆகும். பைதானின் உள்ளே இருக்கும் டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறைக்கு ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். டிம் பீட்டர்ஸ் 2002இல் பைதானுக்காகவே எழுதியது அது. சார்ட், சார்ட்டட் இரண்டும் அதையே பயன்படுத்துகின்றன. சார்ட் இருக்கிற லிஸ்டையே மாற்றிவிட்டு நன் என்ற வெறுமையைத் திருப்பித் தரும்; சார்ட்டட் பழையதைத் தொடாமல் புது லிஸ்ட் தரும். ‘வெயில் = வெயில்.சார்ட்()’ என்ற பாணியில் எழுதினால் ஐந்து எண்களும் போய்விடும். நாள் வரிசை பிறகு தேவைப்படும் என்றால் சார்ட்டட்தான்.

இவ்வளவும் எண்களுக்கு. ஊர்ப் பெயர்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. பழைய வடார்க்காடு மாவட்டத்து ஊர்கள் நான்கை எடுத்துக்கொள்வோம்: ஆற்காடு, ஆம்பூர், ஆலங்காயம், ஆரணி. சார்ட்டட் தரும் வரிசை ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, ஆலங்காயம். தமிழ் அகராதியில் ஆலங்காயத்துக்குப் பிறகுதான் ஆற்காடு வர வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிக்கோடில் ற என்பது ர-வுக்கு அடுத்து, ல-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பைதான் அந்த எண்களைத்தான் பார்க்கிறது. லென்னும் அப்படியே: வேலூர் என்றால் 3 என்று சொல்லாது, 6 என்று சொல்லும். ஏகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி மூன்றும் அதற்குத் தனி உறுப்புகள்.

இந்த இடத்தில் இரண்டு கட்சியும் சேர வேண்டியிருக்கிறது. சார்ட்டட்டில் கீ என்ற இடத்தில் நாமே எழுதிய ஃபங்ஷனைக் கொடுக்கலாம். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் லூப்பில் எடுத்து, அகராதியில் அதன் இடம் எத்தனையாவது என்று எண்ணாக மாற்றி ஒரு லிஸ்டாகத் தருவது அதன் வேலை. இந்த நான்கு ஊர்களுக்கு அது போதும். எல்லாத் தமிழ்ச் சொற்களுக்கும் என்றால் புள்ளியையும் கவனிக்க வேண்டும்: அகராதியில் மெய் முதலில் வரும், யூனிக்கோடில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் நிற்கிறது.