செர்ரிக் கட்டைக்கு நிறம்: ஸ்டெயினா, காஸ்டிக்கா, வெயிலா?

துப்பாக்கிக் கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பாகம் என்றால், அமெரிக்காவில் வால்நட் மரம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பென்சில்வேனியாவின் அலெகெனி காடுகளில் நல்ல கருஞ்செர்ரி விளைகிறது. அதிலும் கட்டை செதுக்குகிறார்கள். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவில் வால்நட் 1010, செர்ரி 950. உளி பிடிக்கும் கைக்கு அது பெரிய வித்தியாசமே இல்லை. தகராறு நிறத்தில்தான். இழைத்து முடித்த அன்று செர்ரி வெளிறிய ரோஸ் நிறத்தில், பொம்மைத் துப்பாக்கி மாதிரி நிற்கும். பழைய மேசைகளில் பார்க்கும் செம்பழுப்பு, வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டு ஏறியது. அதை உடனே வரவைக்கத்தான் இத்தனை பாடும்.

கடையில் கிடைக்கும் ஸ்டெயின், அதாவது மரச்சாயம்தான் பலரின் முதல் யோசனை. என் கணக்கில் அதற்குக் கடைசி இடம். செர்ரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறிஞ்சாது. பலகையிலேயே திட்டுத் தட்டும்; வளைவும் நெளிவுமான துப்பாக்கிக் கட்டையில் கேட்கவே வேண்டாம். மரநார் வெட்டுப்பட்டு நிற்கும் இடமெல்லாம் அதிகம் குடிக்கும். நான் போட்டுப் பார்த்தபோது கன்னம் பதியும் இடம் அழகாக வந்தது, பிடி வளையும் இடத்தில் டீ கொட்டின கறை. முதலில் நீர்த்த ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கை பூசி, அதன்மேல் கூழ் போன்ற ஜெல் ஸ்டெயின் தேய்த்தால் திட்டு குறையும். ஆனால் ரேகையும் மங்கிவிடும். அப்புறம் செர்ரி எதற்கு?

காஸ்டிக் சோடா வேறு ரகம். அது மேலே பூசும் சாயமல்ல. மரத்துக்குள் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து, சில நிமிஷத்திலேயே கருஞ்சிவப்பாக்குகிறது. ரேகை தெளிவாகவே இருக்கும். ஆனால் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் திரும்ப வழியில்லை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். பிறகு வினிகர் கலந்த நீரால் துடைத்து முறிக்க வேண்டும். ஈரம் பட்டதும் நார் சிலிர்க்கும். அப்போது உப்புத்தாள் போட்டால் நிறமும் சேர்ந்து போய்விடும். அதனால் முன்கூட்டியே வெறும் தண்ணீரால் நனைத்து, காயவிட்டு, தேய்த்துவிடுங்கள். பொட்டாசியம் டைகுரோமேட்டும் இதே வேலையைச் செய்யும். அது புற்றுநோய் வரவழைக்கும் குரோமியம், என் பட்டறைக்குள் வராது.

என் ஓட்டு வெயிலுக்கு. எண்ணெய் ஒரு கை பூசி, வடாம் புரட்டுவதுபோல் பக்கம் மாற்றி மாற்றி வைத்தால் ஓரிரு வாரத்தில் நிறம் தெரிய ஆரம்பிக்கும். சோதனைத் துண்டில் பாதியை அட்டையால் மூடி ஜன்னலோரம் வைத்தேன். அட்டையை எடுத்தபோது அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. ஆகவே வார், டேப் எதுவும் கட்டையில் இருக்கக் கூடாது. ஒரு குறை உண்டு: வைரம் பாய்ந்த நடுமரத்துக்கு வெளியே இருக்கும் வெளிறிய மரம் இதற்கு மசியாது. காஸ்டிக்குக்கும்தான். அந்த வெளிறிய இடத்தை மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தால் தொட்டு ஒப்பேற்றலாம். கட்டையை வாங்கும்போதே தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

மேல்பூச்சில் போட்டி சின்னது. பாலியூரித்தேன் மழைக்கு அசையாது, ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். ஆளிவிதை எண்ணெய் அருமையான சூடான நிறம் தரும். காய நாளாகும், ஈரத்தைத் தடுக்காது. நான் துப்பாக்கிக் கட்டைக்கென்றே விற்கும் ட்ரூ-ஆயில் பக்கம். விரலால் மெல்லிசாகத் தேய்த்து எட்டுப் பத்து கை. கெட்டியாகப் பூசினால் பிசுபிசுவென்று நிற்கும். பளபளப்பு பிடிக்காதவர்கள் கடைசியில் மிக மெல்லிய 0000 ரக ஸ்டீல் வுல்லால் (எஃகு நாரால்) அடக்கலாம். குழல் உட்காரும் பள்ளத்துக்கும் பூச மறக்காதீர்கள். அங்கே ஈரம் ஏறினால் மரம் அசைந்து குழலை அழுத்தும், குறி மாறும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள்.