பிரிட்டானிகாவின் ‘ஐடியாலஜி’ கட்டுரை: ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை

பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுப்பவள் நான். சித்தாந்தம், கொள்கை, திட்டம் மூன்றையும் பிள்ளைகள் ஒன்றாக்கி எழுதுவதுதான் எனக்குப் பெரிய கவலை. அதற்கு மிகவும் கைகொடுத்தது பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் இணையதளத்தில் உள்ள ‘ஐடியாலஜி’ (சித்தாந்தம்) கட்டுரை. எழுதியவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியராக இருந்த மாரிஸ் கிரான்ஸ்டன்.

‘ஐடியாலஜி’ என்ற சொல் பிறந்த கதையே வகுப்பைக் கட்டிப்போடும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1796-இல், தெஸ்துத் த திராசி என்ற பிரபு இதை உருவாக்கியபோது இதன் பொருள் ‘எண்ணங்களைப் பற்றிய அறிவியல்’, அவ்வளவுதான். (புரட்சி அரசு எதிரிகளைக் கொன்று குவித்த ‘பயங்கர ஆட்சி’யில் சிறையில் கிடந்தபோது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கைப் படித்தவர் அவர்.) கல்வியை மாற்றி பிரான்ஸையே பகுத்தறிவு நாடாக்கலாம் என்று அவரும் நண்பர்களும் நம்பினார்கள். முதலில் ஆதரித்த நெப்போலியன், ரஷ்யாவில் தோற்றுத் திரும்பியதும் 1812 டிசம்பரில் பழியை இவர்கள் தலையில் போட்டார். சொல்லில் வசை ஏறிவிட்டது. மார்க்ஸும் அதை நல்ல அர்த்தத்தில் எடுக்கவில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டது சித்தாந்தத்துக்கு கிரான்ஸ்டன் தரும் ஐந்து அடையாளங்கள். உலகத்தை முழுதாக விளக்கும் கோட்பாடு இருக்க வேண்டும். சமூகத்தை எப்படி அமைப்பது என்ற வரைவும் வேண்டும். போராடித்தான் அதை அடைய முடியும் என்ற எண்ணம், ஆட்களைத் திரட்டி முழு ஈடுபாடு கேட்பது, பரந்த மக்களிடம் பேசினாலும் அறிவாளிகளுக்குத் தலைமையிடம் தருவது ஆகியவை மற்ற மூன்று. மகளிர் இலவசப் பேருந்து சித்தாந்தமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஐந்தையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அது அரசுத் திட்டம், அதன் பின்னால் ஒரு சித்தாந்தம் இருக்கலாம் என்று அவளே பிரித்துச் சொன்னாள். மார்க்சியத்தை வைத்துப் பார்த்தபோது ஐந்தும் பொருந்தின.

குறையும் உண்டு. சித்தாந்தத்தையும் வன்முறையையும் சேர்த்துப் பேசும் பகுதியில் பனிப்போர்க் காலத்து அச்சம் தூக்கலாகத் தெரிகிறது. தனிமனித சுதந்திரத்தை முன்னிறுத்தும் தாராளவாதத்துக்கும் உலகை விளக்கும் பார்வை ஒன்று இருக்கிறதே, அதையும் இதே கண்டிப்போடு அலச வேண்டாமா? பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியோடுதான் அந்தப் பகுதியைக் கொடுக்கிறேன்.

ஆங்கிலம் கொஞ்சம் கனமானது. தொடக்கப் பகுதியை நீங்களே தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம் படிக்கக் கொடுங்கள். சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் வரும் இடத்தைப் பள்ளியில் தாண்டிவிடலாம். பி.ஏ. படிப்பவர்கள் அதை விடக்கூடாது.