படுக்கும் நேரமா, எழும் நேரமா?

வாரக்கணக்கில் வீட்டிலேயே அடைந்து கிடந்து தூக்கம் கெட்டுப்போனால், "இனி 10 மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும்" என்றுதான் முதலில் தோன்றும். இன்னொரு வழி, இரவை அதன் போக்கில் விட்டுவிட்டு, காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்வது.

படுப்பது நம் கையில். தூக்கம் வருவது நம் கையில் இல்லை. விழித்திருக்கும்போதெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போதுமான அளவு சேர்ந்தால்தான் கண் சொக்கும். மாலையில் சோபாவில் குட்டித் தூக்கம் போட்டவருக்கு 10 மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? புரண்டு படுப்பார், அப்புறம் போனை எடுப்பார். தூக்கமின்மைக்கு 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் முன்வைத்த சிகிச்சை முறை வேறு மாதிரி: தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும், வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும், காலையில் மட்டும் தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும்.

எழும் நேரம் அலாரத்துக்குக் கட்டுப்படும். கூடவே காலை வெளிச்சமும் கிடைக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடல் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான். காபி டம்ளரோடு பால்கனியில் அரைமணி உட்காரலாம். மொட்டை மாடி இருந்தால் இன்னும் நல்லது.

முதல் சில நாட்கள் பகலில் தலை கனக்கும், எரிச்சல் வரும். சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்கே. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் மட்டும் இது ஒத்துவராது.